முதலில் கோச், அப்புறம் குவாட்டர்பேக்: வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்கக் கால்பந்து பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே அணியைப் பற்றியவை: நியூயார்க் ஜெட்ஸ். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. சென்னையில் இந்த ஆட்டத்தைப் பார்க்கிறவர்களில் நான் அறிந்த பலர் நியூஜெர்சியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். பெயரில் நியூயார்க் இருந்தாலும் ஜெட்ஸ் விளையாடும் மெட்லைஃப் ஸ்டேடியம் இருப்பது நியூஜெர்சியில். நான் ஜெட்ஸ் ரசிகன் ஆனதற்கும் அங்கே இருக்கும் என் மச்சான்தான் காரணம்.

இந்தப் பதில்களை 2025 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல் அன்று எழுதுகிறேன். இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் ஜெட்ஸ் புதிய கோச்சை அறிவித்தும் இருக்கலாம். புதிதாகப் படிப்பவர்களுக்கு: பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக். கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பது டிராஃப்ட்.

கேள்வி: எடிசனில் இருந்தபோது ஜெட்ஸைப் பிடித்துக்கொண்டேன், வேளச்சேரிக்கு வந்தும் விடவில்லை. இந்த சீசனில் 5 வெற்றி, 12 தோல்வி. கோச் ராபர்ட் சாலேவை அக்டோபரிலேயே அனுப்பிவிட்டார்கள். குவாட்டர்பேக் ஆரன் ரோஜர்ஸுக்கு 41 வயது. பழைய கோச் ரெக்ஸ் ரயனையே திரும்பக் கூப்பிடலாமா, டெட்ராய்ட் லயன்ஸிலிருந்து ஆரன் க்ளென்னை எடுக்கலாமா? ரோஜர்ஸை இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாமா, டிராஃப்டில் நமக்கு வரும் 7-வது இடத்தில் ஒரு இளைஞனை எடுக்கலாமா? முடிவு உங்கள் கையில் இருந்தால் என்ன செய்வீர்கள் சார்?
— வேளச்சேரி வாசகர்

க்ளென்னை எடுப்பேன். ரோஜர்ஸுக்கு நன்றி சொல்லி அனுப்பிவைப்பேன். 7-வது இடத்தில் குவாட்டர்பேக்கை எடுத்தே தீருவேன் என்று அடம்பிடிக்க மாட்டேன். காரணம் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ஜெட்ஸ் ஜெயித்தது ஒரே ஒரு முறை, 1969 ஜனவரியில். பால்டிமோர் கோல்ட்ஸை 16-7 என்று வென்றார்கள். அந்த வெற்றி என்றாலே எல்லோரும் ஜோ நேமத் பெயரைச் சொல்வார்கள். ஜெயிப்போம் என்று ஆட்டத்துக்கு முன்பே வாக்குக் கொடுத்த குவாட்டர்பேக் அவர். ஆனால் நேமத் வருவதற்கு முன்பே, 1963-ல், வீப் யூபேங்க் என்ற கோச் ஜெட்ஸுக்கு வந்துவிட்டார். பால்டிமோரில் 1958, 1959 என்று இரண்டு பட்டம் வாங்கிக் கொடுத்த மனிதர் அவர். அவர் உட்கார்ந்து அணியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, 1965-ல், நேமத் வந்து சேர்ந்தார். முதலில் கோச், பிறகு குவாட்டர்பேக்.

1967-ல் நேமத் 4,007 கஜம் பந்து வீசினார். அப்போது ஒரு சீசனுக்கு 14 ஆட்டம்தான். அப்புறம் சீசன் 16 ஆட்டமானது, இப்போது 17. எறிந்து ஆடுவதற்குச் சாதகமாக விதிகள் எவ்வளவோ மாறின. ஆனாலும் இன்றுவரை வேறு எந்த ஜெட்ஸ் குவாட்டர்பேக்கும் ஒரு சீசனில் 4,000 கஜத்தைத் தொடவில்லை. ரோஜர்ஸ் இந்த வருடம் 3,897-ல் நின்றார்.

‘நமக்கு நல்ல குவாட்டர்பேக்கே அமைவதில்லை’ என்று ஜெட்ஸ் ரசிகர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நல்லவர்கள் வந்தார்கள். வந்தவர்களை வளர்க்கத்தான் ஆள் இல்லை.

சாம் டார்னால்டைப் பாருங்கள். 2018 டிராஃப்டில் மூன்றாவதாக எடுத்த இளைஞன். முதல் வருடம் முடிந்ததும் கோச் டாட் போல்ஸை அனுப்பிவிட்டார்கள். அடுத்து ஆடம் கேஸ் வந்தார். புது கோச் என்றால் புது பாடம், புது சங்கேதச் சொற்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். 2019 அக்டோபரில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸிடம் 33-0 என்று தோற்ற இரவில் டார்னால்ட் பெஞ்சில் உட்கார்ந்து ‘எனக்குப் பேய் தெரிகிறது’ என்றார். சட்டையில் மாட்டியிருந்த மைக் வழியாக அது நாடு முழுக்க ஒலிபரப்பானது. எதிரணி எங்கிருந்து பாய்கிறது என்றே தெரியாமல், இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற நிலை. 22 வயதுப் பையன் அவன். 2021-ல் அவனை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே டார்னால்ட் இந்த சீசனில் மினசோட்டா வைக்கிங்ஸில் கெவின் ஓகானல் என்ற கோச்சிடம் 35 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) எறிந்து, அணிக்கு 14 வெற்றி, 3 தோல்வி என்று கணக்கு வைத்தார். ஓகானலும் ஒரு காலத்தில் குவாட்டர்பேக்காக இருந்தவர்.

நேற்று பொங்கல் காலை ஆறரை மணிக்கு அந்த டார்னால்ட் பிளேஆஃபில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸிடம் 27-9 என்று தோற்றதை நானும் பார்த்தேன். லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயால் ஆட்டத்தை அரிசோனாவுக்கு மாற்றியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பால் பொங்கிய நேரத்தில் டார்னால்ட் தரையில் கிடந்தார். ஒரே ஆட்டத்தில் ஒன்பது முறை சாய்த்தார்கள். ‘பார்த்தீர்களா, அவன் அவ்வளவுதான்’ என்று மச்சான் உடனே மெசேஜ் அனுப்பினார். முன்னால் நிற்கும் தடுப்புச் சுவர் ஒன்பது முறை உடைந்தால் யாராக இருந்தாலும் தரைதான். அந்த ஒரு ஆட்டத்துக்காக 14 வெற்றியை அழிக்க நான் தயாரில்லை.

டார்னால்ட் மட்டுமா? 2013-ல் ஜெட்ஸ் எடுத்த ஜீனோ ஸ்மித் கதையும் இதுதான். இங்கே ஆகாதவர் என்று பெயர் வாங்கியவர், 2022-ல் சியாட்டிலில் பீட் கேரலிடம் 30 டச்டவுன் எறிந்து, மீண்டெழுந்த வீரருக்கான விருதை வாங்கினார். வெளியே போனதும் ஆடத் தொடங்கிய இருவரை வைத்துக்கொண்டு குறை ஆட்டக்காரரிடம் என்று எப்படிச் சொல்வது?

அடுத்து ஸேக் வில்சன், 2021-ல் இரண்டாவதாக எடுத்தது. சாலேவும் அதே வருடம்தான் வந்தார். ஆனால் அவர் எதிரணியைத் தடுக்கும் டிஃபென்ஸ் பக்கத்து ஆள், முதல் முறை தலைமை கோச். பந்தை முன்னேற்றும் அஃபென்ஸைப் பார்த்துக்கொண்ட மைக் லாஃப்ளூரும் அந்தப் பொறுப்புக்குப் புதியவர். குவாட்டர்பேக்குகளைப் பழக்குவதில் நெடுநாள் அனுபவம் உள்ள கிரெக் நேப் என்பவரை வில்சனுக்குத் துணையாக வைத்திருந்தார்கள். பயிற்சி முகாம் தொடங்குவதற்குச் சற்று முன் சைக்கிளில் போனபோது கார் மோதி அவர் இறந்துபோனார். அந்த இடத்துக்கு அவருக்கு ஈடான ஒருவர் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வில்சனின் தோல்வியைப் பேசும்போது பலரும் இதைச் சொல்வதில்லை. எனக்கு அது மனதை விட்டுப் போகவே இல்லை.

பிறகுதான் ரோஜர்ஸ். இங்கே வரிசையையே தலைகீழாக்கினார்கள். கிரீன் பேயில் அவரோடு வேலை பார்த்த நதானியல் ஹாக்கெட்டை 2023 ஜனவரியில் அஃபென்ஸ் பொறுப்புக்குக் கொண்டுவந்தார்கள், ஏப்ரலில் ரோஜர்ஸ் வந்தார். அவருக்குப் பழக்கமான ஆட்டக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள். 2023 செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை காலை நமக்கு 5.45-க்கு முதல் ஆட்டம். கையில் தேசியக்கொடியோடு அவர் ஓடி வந்ததைப் பார்த்தேன். நான்காவது ஆட்ட அசைவிலேயே பஃபலோவின் லெனர்ட் ஃபிளாய்ட் அவரைச் சாய்த்தார். எழுந்து நின்றார், ஒரு கணம் பக்கத்தில் பார்த்தார், தானாகவே திரும்பத் தரையில் உட்கார்ந்துவிட்டார். குதிகால் தசைநாண் அறுந்துபோயிருந்தது. மச்சான் அன்று ஸ்டேடியத்தில் இருந்தார். அத்தனை கூட்டமும் ஒரே நொடியில் வாயடைத்துப் போனது என்றார்.

அது விதி என்று விட்டுவிடலாம். இந்த வருடம் விதி இல்லை. ரோஜர்ஸ் 17 ஆட்டமும் ஆடினார், 28 டச்டவுன் எறிந்தார். அணி 5-12. ஐந்தே ஆட்டத்தில் சாலேவை நீக்கி, ஒவ்வொரு அசைவிலும் என்ன ஆடுவது என்று சொல்லும் வேலையை ஹாக்கெட்டிடமிருந்து பிடுங்கி, அப்புறம் ரோஜர்ஸின் பழைய தோழர் டவான்டே ஆடம்ஸைக் கொண்டுவந்து, எல்லாம் செய்தும் மாறவில்லை. ஒரு மனிதனைச் சுற்றி வீடு கட்டினால் அவர் கிளம்பும்போது எதுவும் மிஞ்சாது. அடுத்த கோச் யாராக இருந்தாலும் அவர் தன் முதல் வருடத்தை 42 வயதைத் தொடப்போகும் ஒருவரின் விருப்பத்துக்கு ஏற்ப நடத்தக் கூடாது. ரோஜர்ஸ் பெரிய ஆட்டக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவர் வழி வேறு, ஜெட்ஸ் வழி வேறு.

இனி கோச். ஜெட்ஸ் பேசிப் பார்த்த மைக் வ்ரேபல் பேட்ரியட்ஸுக்கு கோச்சாகப் போய்விட்டார். ரெக்ஸ் ரயன் மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் எனக்கும் உண்டு. 2011 ஜனவரியில் பேட்டன் மானிங்கையும் டாம் பிரேடியையும் அடுத்தடுத்த வாரம் அவர்கள் ஊரிலேயே தோற்கடித்த அணி அது. ஜெட்ஸ் கடைசியாகப் பிளேஆஃப் பார்த்ததும் அப்போதுதான். ஆனால் அந்த வெற்றிகள் டிஃபென்ஸும் ஓட்டமும் தந்தவை. கூடவே வந்த மார்க் சான்செஸ் என்ற இளம் குவாட்டர்பேக் முதல் இரண்டு வருடம் அவர்கள் தோளில் பயணித்தார். அவரே அணியைச் சுமக்க வேண்டிய காலம் வந்தபோது தளர்ந்துபோனார். ரயனின் கடைசி நான்கு வருடமும் பிளேஆஃப் இல்லை. பஃபலோவில் இரண்டு வருடமும் அப்படியே.

க்ளென்னை எனக்கு ஏன் பிடிக்கிறது? 1994-ல் ஜெட்ஸ் 12-வதாக எடுத்த கார்னர்பேக் (டிஃபென்ஸில் ஓரத்தைக் காப்பவர்) அவர், 2001 வரை இங்கேதான் ஆடினார். 1996-ல் 1 வெற்றி, 15 தோல்வி என்ற அணியில் அவர் இருந்தார். அடுத்த வருடம் பில் பார்செல்ஸ் கோச்சாக வந்தார், 9-7. அதற்கடுத்து 1998-ல் வின்னி டெஸ்டவெர்டி குவாட்டர்பேக்காக வந்தார், 12-4, சூப்பர் பௌலுக்கு முந்தைய ஆட்டமான கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டி வரை. கோச் மாறினால் ஒரு அணி என்ன ஆகும் என்பதை அதே சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து பார்த்தவர்.

டெட்ராய்ட்டில் இன்னொரு பாடம். 2021-ல் டான் கேம்ப்பெல் கோச்சாக வந்தபோது க்ளென் டிஃபென்ஸ் பொறுப்பேற்றார். ராம்ஸ் வேண்டாம் என்று தள்ளிய ஜாரெட் காஃப் குவாட்டர்பேக்காக வந்தார். முதல் வெற்றி கிடைக்கவே டிசம்பர் ஆனது. 2022-ஐ 1-6 என்று தொடங்கினார்கள். க்ளென்னின் டிஃபென்ஸை ஊரே திட்டியது. அவரையும் மாற்றவில்லை, காஃபையும் மாற்றவில்லை. இந்த வருடம் 15-2. பொறுமையாக இருந்தால் என்ன கிடைக்கும் என்று அனுபவித்துத் தெரிந்துகொண்டவர் ஜெட்ஸுக்கு இப்போது அவசியம்.

ஒரே நிபந்தனை உண்டு. அவரும் டிஃபென்ஸ் ஆள்தான். ஆகவே நேர்காணலில் நான் கேட்கும் முதல் கேள்வி: உங்கள் அஃபென்ஸை யார் நடத்தப் போகிறார், அவர் எத்தனை குவாட்டர்பேக்கை வளர்த்திருக்கிறார்? அந்தப் பெயர் திருப்தியாக இருந்தால்தான் கையெழுத்து.

டிராஃப்ட் ஏப்ரலில். மயாமியின் கேம் வார்ட், கொலராடோவின் ஷெடூர் சாண்டர்ஸ் இருவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். 7-வது இடம் வரும்வரை இருவரில் ஒருவர் மிஞ்சியிருந்து, புது கோச்சும் அவருடைய அஃபென்ஸ் ஆளும் ‘இவன்தான்’ என்று மனதார ஒத்துக்கொண்டால் எடுக்கலாம். இல்லையென்றால் குவாட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்கும் ஒரு நல்ல டாக்கிளை எடுங்கள். இந்த சீசன் அந்த இடத்தில் தொடங்கிய டைரன் ஸ்மித், மோர்கன் மோசஸ் இருவருமே முப்பதைத் தாண்டியவர்கள். பொங்கல் காலையில் டார்னால்ட் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு எனக்கு இதில் இன்னும் உறுதி கூடியிருக்கிறது. சுவரை முதலில் கட்டுவோம். ஒரு வருடம் அனுபவசாலி யாராவது ஆடட்டும். கேரட் வில்சன், ப்ரீஸ் ஹால், சாஸ் கார்ட்னர் என்று 2022-ல் எடுத்த அருமையான ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். வெறும் தரையிலிருந்து தொடங்கும் அணி இல்லை இது.

கேள்வி: நான் வியாசர்பாடிக்காரன். எங்களுக்குக் கால்பந்து என்றால் காலால் ஆடுவது. எங்கள் ஆட்டத்தில் விசில் ஊதிவிட்டால் கோச் ஓரமாக நின்று கத்தலாம், அவ்வளவுதான். இந்த ஆட்டத்தில் மட்டும் கோச்சுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?
— வியாசர்பாடி வாசகர்

உங்கள் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். இது நின்று நின்று நடக்கும் ஆட்டம். ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் யார் எங்கே நிற்பது, யார் எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவாகிவிடும். அந்த முடிவைப் பெரும்பாலும் எடுப்பது கோச் அல்லது அவருடைய அஃபென்ஸ் உதவியாளர்.

குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டை உற்றுப் பாருங்கள், பின்பக்கம் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். உள்ளே ஒலிபெருக்கி இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. அஃபென்ஸில் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுமதி. கடிகாரம் 40 நொடியில் தொடங்கும். கோச் காதில் ஆட்டத்தைச் சொல்வார். 15 நொடி மிச்சம் இருக்கும்போது அந்த இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும். அந்தக் கடைசி 15 நொடி முழுக்கப் பையனுடையது. எதிரே நிற்பவர்களைப் பார்க்க வேண்டும், பாய வருகிறவன் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும், சொன்ன ஆட்டம் சரிவராது என்று தோன்றினால் கத்தி மாற்ற வேண்டும். பந்து கைக்கு வந்ததும் இரண்டு மூன்று நொடியில் எறிய வேண்டும்.

25 நொடி கோச்சுடையது, 15 நொடி குவாட்டர்பேக்குடையது. முன்னது தெளிவாக இருந்தால்தான் பின்னதில் பையனுக்குப் பதற்றம் இருக்காது. அந்த மரியாதை இதற்காகத்தான்.

கேள்வி: சி.எஸ்.கே.வுக்கு ஃபிளெமிங்-தோனி போல பேட்ரியட்ஸுக்கு கோச் பெலிச்சிக், குவாட்டர்பேக் பிரேடி என்கிறார்களே. அப்படியானால் யாருக்குப் பெருமை அதிகம்?
— திருவல்லிக்கேணி வாசகர்

ஒப்பீடு பாதிவரை சரி. ஃபிளெமிங் 2009-லிருந்து கோச், ஐந்து பட்டமும் அவர் காலத்தில் வந்தவை. இத்தனை வருடம் ஒரே கோச்சை வைத்திருப்பதே சேப்பாக்கத்தின் பெரிய பலம் என்பேன். ஆனால் கிரிக்கெட்டில் களத்துக்குள் முடிவெடுப்பது கேப்டன். தோனி கேப்டனாக இருந்தவரை பந்து வீச்சை மாற்றியதும் ஃபீல்டரை நகர்த்தியதும் அவர்தான். அமெரிக்கக் கால்பந்தில் அந்த வேலையில் பெரும்பகுதி பெலிச்சிக் போன்ற கோச்சுடையது.

இந்தக் கதையில் ஜெட்ஸ் ரசிகர்களுக்குத் தாங்க முடியாத ஒரு பகுதி உண்டு. 2000 ஜனவரியில் பார்செல்ஸ் விலகியதும் ஜெட்ஸின் தலைமை கோச் ஆனவர் பெலிச்சிக்தான். அடுத்த நாள் பத்திரிகையாளர் கூட்டத்துக்கு வந்து, ராஜினாமா செய்கிறேன் என்று ஒரு தாளில் ஒற்றை வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பேட்ரியட்ஸ் முதல் சுற்றுத் தேர்வு ஒன்றை ஜெட்ஸுக்குக் கொடுத்து அவரைக் கொண்டுபோனது. அதே வருட டிராஃப்டில் 199-வதாக பிரேடியை எடுத்தார்கள். 2001 செப்டம்பரில் பேட்ரியட்ஸின் முதன்மை குவாட்டர்பேக் ட்ரூ பிளெட்சோவை மோதிக் காயப்படுத்தி பிரேடிக்கு வழி திறந்ததும் ஜெட்ஸ் வீரர் மோ லூயிஸ். கோச்சையும் நாமே இழந்தோம், அவருக்குக் குவாட்டர்பேக்கையும் நாமே எழுப்பிவிட்டோம்.

பெருமை யாருக்கு? பிரேடி போன பிறகு பெலிச்சிக்கின் நான்கு வருடக் கணக்கு 29 வெற்றி, 38 தோல்வி. பிரேடியோ டாம்பா பே போன முதல் சீசனிலேயே பட்டம் வென்றார். இதை வைத்து எல்லாம் பிரேடிதான் என்பார்கள். 199-வதாக வந்த, யாரும் நம்பாத இளைஞனைக் கூட வைத்திருந்து, பிளெட்சோ குணமாகி வந்த பிறகும் இவன்தான் ஆடுவான் என்று நின்றது யார்? முதல் பட்டங்களில் கோச்சின் பங்கு பெரிது, பின்னால் வந்தவற்றில் பிரேடியின் பங்கு பெரிது. என் கணக்கு இது.

கேள்வி: இளம் குவாட்டர்பேக் இருக்கும் அணிக்கு அஃபென்ஸ் பின்னணி கோச்தான் வேண்டும் என்று நண்பன் சண்டை போடுகிறான். சரியா?
— தாம்பரம் கல்லூரி மாணவி

அப்படிக் கட்டாயம் இல்லை. ஹூஸ்டனில் டிமேக்கோ ரயன்ஸ், வாஷிங்டனில் டான் குவின் இருவரும் டிஃபென்ஸ் ஆட்கள். சி.ஜே. ஸ்ட்ரௌடும் ஜேடன் டேனியல்ஸும் அவர்களிடம் முதல் வருடமே பிரகாசித்தார்கள். பஃபலோவின் ஷான் மெக்டெர்மட்டும் டிஃபென்ஸ்தான். டார்னால்டை எடுத்த அதே டிராஃப்டில் அவர் 7-வதாக எடுத்தது ஜாஷ் ஆலனை. ஆலன் முதல் வருடம் எறிந்ததில் 52.8 சதவீதம்தான் சரியாகப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் வருடம் 69.2 சதவீதம். நடுவில் கோச்சும் மாறவில்லை, அஃபென்ஸைப் பார்த்துக்கொண்ட பிரையன் டபோலும் மாறவில்லை. எறிவதைப் பிடிக்க நல்ல ஆளாக ஸ்டெஃபான் டிக்ஸை வாங்கிக் கொடுத்தார்கள். அந்த மூன்று வருடத்தில் பக்கத்து அணியான ஜெட்ஸ் என்ன செய்தது என்று மேலே படித்திருப்பீர்கள்.

காலம்தான் முக்கியம். சிகாகோ 2024-ல் முதல் இடத்தில் கேலப் வில்லியம்ஸை எடுத்தது. இரண்டு வருடத்தில் 10 வெற்றி, 24 தோல்வி என்றிருந்த மேட் எபர்ஃப்ளூஸையே கோச்சாக வைத்துக்கொண்டது. அடுத்த மாதம் காலி செய்யப்போகும் குடித்தனக்காரரிடம் தென்னங்கன்றை நட்டு வளர்க்கச் சொன்ன மாதிரி. நவம்பரில் அஃபென்ஸ் பொறுப்பாளர் போனார், மாதம் முடிவதற்குள் எபர்ஃப்ளூஸும் போனார். அந்தப் பையன் இப்போது மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஜாக்சன்வில்லில் டிரெவர் லாரன்ஸும் இப்படித்தான் மாட்டினார். கோச் அர்பன் மயர் 13 ஆட்டத்தோடு வெளியேற்றப்பட்டார். அடுத்த வருடம் டக் பீடர்சன் வந்ததும் அதே லாரன்ஸ் அணியைப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார்.

நண்பரிடம் இப்படிக் கேளுங்கள்: கோச் எந்தப் பின்னணி என்பது இருக்கட்டும், பையனின் மூன்றாம் வருடத்திலும் அவர் அங்கே இருப்பாரா?

கேள்வி: என் கணவர் திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கே எழுந்து டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். பார்ப்பது ஜெட்ஸ். தோற்றுவிட்டால் அன்று முழுக்க முகம் சரியில்லை. தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கு இவ்வளவு ஏன் சார்?
— மயிலாப்பூர் வாசகி

உங்கள் வருத்தம் புரிகிறதம்மா. ஆனால் அவர் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு விதியிலேயே இடம் இருக்கிறது. என்.எஃப்.எல். என்ற அந்த லீக்கில் 32 அணி. கடைசியில் வந்தவருக்கு டிராஃப்டில் முதல் வாய்ப்பு. ஒரு அணி தரும் மொத்தச் சம்பளத்துக்கு எல்லா அணிக்கும் ஒரே உச்சவரம்பு, 2024-ல் அது 25 கோடியே 54 லட்சம் டாலர். பணக்கார முதலாளி என்பதற்காக ஆளை அள்ளிக்கொண்டு போக முடியாது. அதனால்தான் 2023-ல் 4-13 என்றிருந்த வாஷிங்டன், புது கோச், புது குவாட்டர்பேக்கோடு இந்த வருடம் 12-5 ஆனது. அடுத்த வருடம் ஜெட்ஸாக இருக்கலாம் என்று அவர் நினைப்பதில் தப்பில்லை.

இன்னொன்று, 5-12 என்று முடித்த அணிக்கு இரவு ஆட்டங்கள் குறைவாகத்தான் கொடுப்பார்கள். அமெரிக்காவில் ஞாயிறு மதியம் ஒரு மணி என்றால் நமக்கு இரவு பத்தரை, நவம்பருக்குப் பிறகு பதினொன்றரை. அதிகாலை அலாரம் வரும் சீசனில் குறையும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: சூப்பர் பௌல் நமக்கு எத்தனை மணிக்கு?
— அம்பத்தூர் வாசகர்

பிப்ரவரி 10, திங்கள் காலை 5 மணி. நியூ ஆர்லியன்ஸில் நடக்கிறது. ஞாயிறு இரவே அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிடுங்கள், நடுவில் பாட்டுக் கச்சேரி வேறு இருப்பதால் முடிய ஒன்பது மணி ஆகிவிடும்.